வேலிக்கு அப்பால் கேட்கும் காதல்

காதல் கதை எழுதும்போது எனக்கு எப்போதும் கடினமாக இருப்பது, ஒருவர் தம் மனத்திலிருப்பதை மற்றவரிடம் சொல்லும் அந்த இடம்தான். இருவரை எதிரெதிரே நிறுத்தி வெளிப்படையாகப் பேச வைத்தால், அதுவரை சேர்த்து வைத்த இறுக்கம் முழுவதும் இரண்டு வரிகளில் கரைந்துவிடுகிறது. கடைசி வரை பேச வைக்காமலே விட்டால், கதையோடு கூடவே நடந்து வந்த வாசகரை வாசலிலேயே நிறுத்திவிட்டது போல ஆகிறது. அடுத்து எழுதவிருக்கும் காதல் கதைத் தொகுதிக்காக இப்போது படித்துவரும் நூல்கள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். காதல் யாரிடம் சொல்லப்படுகிறது, உண்மையில் யார் காதில் போய் விழுகிறது என்பதே அந்தக் கேள்வி.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை குறுந்தொகையில் இருக்கிறது. 1937இல் உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு வெளியிட்ட பதிப்பின் வழியே அந்த நூலை மெதுவாக, நாளுக்கு ஒன்றிரண்டு பாடல்களாகப் படித்து வருகிறேன். பாடலின் கீழே, இன்னார் இன்னாரிடம் இந்தச் சூழலில் சொன்னது என்று ஒரு குறிப்பு இருக்கும். இக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிந்தியவை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இருந்தாலும் ஒரு கதாசிரியருக்கு அவை பெரிய புதையல். அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் ஒரு சூழல் சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். அவன் நிற்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் தலைவி அவனிடம் பேசுவதில்லை. தோழியிடம் பேசுகிறாள், அல்லது தோழி தலைவியிடம் பேசுகிறாள். சொற்கள் போகும் திசை ஒன்று, அவை போய்ச் சேர வேண்டிய இடம் வேறொன்று.

கொல்லன் அழிசி பாடிய 138ஆம் பாடல் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. முந்தைய இரவு வருவதாகக் குறித்த இடத்தில் சந்திப்பு தவறிப்போயிற்று. மறுநாள் இரவு அவன் வந்து வேலிக்கு அப்பால் நிற்கும்போது தோழி பேசுகிறாள். ஊரே உறங்கிய பிறகும் நாங்கள் உறங்கவில்லை. வீட்டுக்கு அருகே மயிலின் காலடி போன்ற இலைகளையுடைய நொச்சி, நீலமணி போன்ற தன் பூக்களை உதிர்த்த ஓசையைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தோம் என்கிறாள். பாடல் அவ்வளவுதான், ஐந்தே அடிகள். ஏன் வரவில்லை என்ற கேள்வி அதில் இல்லை, காத்திருந்தோம் என்ற சொல்கூட இல்லை. பூ விழும் ஓசை கேட்கும் அளவுக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தவர்களுக்கு, ஓர் ஆண் நடந்து வரும் காலடி கேட்டிராதா என்ற கணக்கை வேலிக்கு அப்பால் நிற்பவனே போட்டுக்கொள்ள வேண்டும். அவன் போடும் அதே கணக்கைப் படிப்பவரும் போடுகிறார். காதல் கதையில் வாசகரைக் காதலனின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த இதைவிடச் சுருக்கமான வழியை நான் வேறெங்கும் காணவில்லை.

அகப்பாடல்களில் வருபவர்களுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் இல்லாததால், யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பவை மட்டுமே மனிதர்களை வேறுபடுத்திக் காட்டுகின்றன. இப்போது கதை எழுதும் நமக்குப் பெயர், ஊர், படிப்பு, சம்பளம் என்று எத்தனையோ விவரங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றை அடுக்கிவிட்டால் பாத்திரம் உருவாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். என் வரைவுகளில் இப்போது ஒரு பயிற்சி செய்து பார்க்கிறேன். ஒரு காட்சியிலிருந்து பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, யார் யாரைக் கேட்க வைக்கப் பேசுகிறார் என்பது மட்டும் புரிகிறதா என்று பார்க்கிறேன். புரிந்தால் அந்தக் காட்சி நிற்கும்.

இதே முறையை வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் எழுதிய ஒருவரிடமும் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த கடைசி நாவலான பெர்சுவேஷன், அவர் 1817 ஜூலையில் காலமான பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. செல்வம் இல்லாதவன் என்பதால், தான் தாய்போல மதிக்கும் ஒரு பெண்மணியின் அறிவுரையைக் கேட்டு, ஆன் எலியட் ஒரு கடற்படை அதிகாரியை மறுத்துவிடுகிறாள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் கேப்டன் வென்ட்வொர்த்தாக, செல்வத்தோடு திரும்பி வருகிறான். இருவரும் ஒரே அறைகளில், ஒரே விருந்துகளில் இருக்கிறார்கள். மனத்தில் இருப்பதை மட்டும் பேசிக்கொள்வதில்லை. நாவலின் இறுதியில் பாத் நகரத்து விடுதி ஒன்றின் அறையில், ஆன் வேறொருவரோடு, கேப்டன் ஹார்வில் என்பவரோடு, ஆணின் அன்பு நீடிக்குமா பெண்ணின் அன்பு நீடிக்குமா என்று விவாதிக்கிறாள். அதே அறையில் மேசையருகே அமர்ந்து வென்ட்வொர்த் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலிருந்து பேனா நழுவி விழுகிறது. எழுத வேண்டிய கடிதத்தோடு கூடவே, காதில் விழும் சொற்களுக்குப் பதிலாக ஆனுக்கும் ஒரு கடிதம் எழுதி, கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து, அதை அவள் பார்வையில் படும்படி வைத்துவிட்டுப் போகிறான். மேசைக்கும் ஆன் நின்று பேசும் சன்னலுக்கும் இடையிலுள்ள சில அடி தூரம்தான் இங்கே வேலி.

ஆஸ்டின் முதலில் இதை இப்படி எழுதவில்லை என்பது கதை எழுதுகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 1816 ஜூலையில் அவர் முடித்த முதல் வடிவில், வென்ட்வொர்த்தின் அக்காள் கணவரான அட்மிரல், ஆன் வேறொருவரை மணக்கப் போகிறாளா என்று கேட்டுவரும் பொறுப்பை அவனிடமே கொடுக்கிறார். அவன் கேட்கிறான், அவள் இல்லை என்கிறாள், இருவருக்கும் உண்மை தெரிந்துவிடுகிறது. அது உயிரற்றுத் தட்டையாக இருப்பதாக ஆஸ்டின் உணர்ந்தார் என்று அவருடைய அண்ணன் மகன் எழுதிய நினைவுநூல் கூறுகிறது. சில வாரங்களுக்குள் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, விடுதி அறைக் காட்சியைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். நீக்கப்பட்ட பக்கங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் வெளியிட முடித்து வைத்த நாவல்களின் கையெழுத்துப் படிகளில் எஞ்சியிருப்பவை அவை மட்டுமே. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால், காதலைச் சொல்லும் காட்சியை எழுதுவது பற்றித் தனியாக ஒரு பாடமே தேவைப்படாது. முதல் வடிவத்தில் கதையை நகர்த்துகிறவர் அட்மிரல். இரண்டாவதில், தான் பேசுவது அவன் காதில் விழலாம் என்ற நிலையிலும் ஆன் பேச்சை நிறுத்தாமல் தொடர்வதுதான் கதையை நகர்த்துகிறது. அவளுடைய துணிவு முழுவதும் அந்தத் தொடர்ச்சியில் இருக்கிறது.

இந்தக் காட்சியில் இன்னொன்றையும் கவனித்தேன், அதுவே என் தொகுதியின் போக்கை மாற்றியது. ஹார்வில் வெறும் சுவர் அல்லர். அவருடைய தங்கை இறந்துபோனவள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாப்பிள்ளை ஓராண்டு முடிவதற்குள் வேறொரு பெண்ணை மணக்க இசைந்துவிட்டான். தங்கைக்காக வரையப்பட்ட அவன் சிற்றோவியத்தை, இப்போது அந்தப் புதிய பெண்ணுக்காகச் சட்டமிட்டுத் தரும் வேலை ஹார்வில் தலையில் விழுந்திருக்கிறது. வென்ட்வொர்த் எழுதிக்கொண்டிருந்த முதல் கடிதமே அந்தச் சட்டம் தொடர்பானதுதான். அன்பு நீடிக்குமா என்று ஹார்வில் கேட்பது தம் துயரத்திலிருந்து எழுந்த கேள்வி. அந்தத் துயரம் உண்மையாக இருப்பதால்தான் ஆனின் பதிலும் உண்மையாக இருக்கிறது. அதனால்தான் மூன்றாமவருக்கும் ஒரு சொந்த வலி வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நம் காதல் கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் தோழிகளும் நண்பர்களும் பெரும்பாலும் கதாநாயகியின் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுவதற்காகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள். சங்கப்பாடலின் தோழி அப்படிப்பட்டவள் அல்லள். நொச்சிப் பூ விழும் ஓசையைக் கேட்டு விழித்திருந்தவர்களுள் அவளும் ஒருத்தி. அதனால்தான் அவள் ‘யாம்’ என்று பேசுகிறாள்.

இந்த அடிப்படையில் இப்போது என் குறிப்பேட்டில் வளர்ந்துவரும் கதைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது காஞ்சிபுரத்துத் தறி வீடு ஒன்றில் நடப்பது. பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் இருக்க, இரண்டையும் நெசவிலேயே இணைக்கும் கோர்வை முறைக்கு, குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று வேண்டும். தறியில் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் முதன்மையாக நெய்ய, இன்னொருவர் ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். என் கதையில் அந்த இருவரும் கணவனும் மனைவியும். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்கள், ஒரு சண்டைக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டவர்கள். ஆனால் முகூர்த்தச் சேலையை முதலாளியிடம் குறித்த நாளில் கொடுத்தாக வேண்டும். நாள் முழுவதும் இருவரும் ஒரே குழித்தறியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் பேசுவதெல்லாம் அடுப்படியில் இருக்கும் மாமியாரிடம்: ‘அத்தை, இந்த வாட்டி ஜரிகை இழை அறுந்துக்கிட்டே இருக்கு. இழுக்கிற கையி கொஞ்சம் நிதானமா இருந்தா அறுவாது.’ அடுத்த வரியிலிருந்து அவன் கை நிதானமாகிறது. அந்த மாமியார் தம் காலத்தில் இதே தறியில் உட்கார்ந்து, கணவரோடு கடைசி வரை மனம்விட்டுப் பேசாமலே அவரை இழந்தவர். இந்தக் கதையை அவர் பார்வையிலிருந்து எழுதலாமா என்று யோசித்து வருகிறேன்.

இதற்கு வழிகாட்டியாக இருப்பது குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்த சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே சமைத்த புளிக்குழம்பைப் பரிமாறுகிறாள். இனிது என்று சொல்லிக் கணவன் உண்கிறான். அவள் முகம் மிக நுண்ணியதாக மலர்கிறது. இதை நமக்குச் சொல்வது அவளுமல்லள், அவனுமல்லன். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெண்ணைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். மகளைப் பிரிந்திருக்கும் ஒரு தாய்க்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்? காதல் கதை திருமணத்தோடு முடிந்துவிட வேண்டும் என்ற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சமையல் புகையிலும் காதலைக் காட்ட முடியும் என்பதை ஆறே அடிகளில் இந்தப் பாடல் நிறுவிவிடுகிறது.

இரண்டாவது கதை, ஆட்கள் இயக்கும் ரயில்வே கேட் ஒன்றில் நடக்கிறது. கேட்டை மூடிய பிறகு கேட்கீப்பர் தொலைபேசியில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்லி, கேட் மூடப்பட்டிருப்பதை உறுதி செய்யும் முறை உண்டு. இருவரும் அந்த எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு பெண் கேட்கீப்பரும், அடுத்த நிலையத்தில் பணிபுரியும் ஸ்டேஷன் மாஸ்டரும் இந்த எண்களின் வழியாக மட்டுமே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பணிக்குரிய பேச்சைத் தவிர வேறெதற்கும் அந்தத் தொலைபேசியில் இடமில்லை. ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைப்பதற்கு முன், அருகில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் தன் மகனிடம் அவள் ஏதாவது ஒரு வரி சொல்கிறாள். மழை பிடித்துக்கொண்டது, நாளைக்கு எனக்கு விடுப்பு, இன்று உனக்குப் பிறந்தநாள் என்று நினைவிருக்கிறதா. மறுமுனையில் இருப்பவர் அவற்றைக் கேட்கிறார். அவரும் தம் அறையில் இருக்கும், தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் ஊழியரான பாயின்ட்ஸ்மேனிடம் ஏதோ சொல்கிறார். நேரடியாகப் பேச விதி இடம்தராத ஓர் இடத்தில், விதியை ஒருபோதும் மீறாமலே இருவர் நெருங்க முடியுமா என்பதுதான் இந்தக் கதையில் எனக்குள்ள ஆர்வம். அந்தச் சிறுவனுக்கு அம்மா தன்னிடம்தான் பேசுகிறாள் என்ற நம்பிக்கை இருக்கிறது. அது உடையும் இடம் எப்படி வரவேண்டும் என்பதை மிகவும் கவனமாக எழுத வேண்டும்.

மூன்றாவது தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் கதை. அந்தத் தொழிலைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் நேரில் போய் மக்களோடு பழகி எழுதிய கரிப்பு மணிகள் நாவலை இதற்காக மறுபடி எடுத்திருக்கிறேன். கொளுத்தும் வெயிலில் உப்பு வாருகிறவர்களின் கால், கண், கூலி ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே ஒரு காதலைக் கொண்டுபோய் வைப்பது பொறுப்பற்ற செயல் என்று கருதுகிறேன். கதையின் கரு எளியது. அடுத்த பாத்தியில் வேலை செய்யும் மூதாட்டிக்குக் காது மந்தம். அவரிடம் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்தப் பெண் அவரிடம் சொல்லும் ஒவ்வொன்றும் வரப்பில் உப்பு சுமந்து போகிறவன் காதிலும் விழுகிறது. மற்றக் கதைகளைவிட இதில் வெளிச்சமும் சிரிப்பும் அதிகம் இருக்கும்.

நான்காவது கதையை எழுதத் தொடங்க எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. நற்றிணையின் 172ஆம் பாடலில், சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்து வளர்கிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த அந்த மரம் உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்கு உடன்பிறந்தவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஆகவே அதன் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்று காதலனிடம் மறுப்புச் சொல்லப்படுகிறது. இதைப் படித்தபோது என் நினைவு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் மகளை இழந்த ஒரு தாய், பிறகு அவள் நினைவாக ஒரு புன்னையை நட்டு வளர்க்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது கைக்குழந்தையாக இருந்த இளையவள், அந்த மரத்தை அக்கா என்று அழைத்தே வளர்கிறாள். குடும்பம் கடலிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட சுனாமி குடியிருப்புக்குப் போய்விட்டாலும், மரம் பழைய இடத்திலேயே நிற்கிறது. அவள் தன் காதலை அந்த மரத்திடம்தான் முதலில் சொல்கிறாள். அதைக் காதலன் கேட்பதாக எழுதுவது எளிது. ஆனால் அங்கே வந்து கேட்டுவிடுவது அம்மா என்று எழுதினால் கதை வேறொரு ஆழத்துக்குப் போகிறது: பேச வாய்ப்பே கிடைக்காமல் போன ஒரு மகளின் இடத்தில் நின்று, உயிரோடு இருக்கும் மகளின் காதலை அந்தத் தாய் கேட்கிறாள். உண்மையான இழப்பைச் சந்தித்த மக்களின் மண்ணில் கற்பனையை நடுவதற்கு உரிய பொறுமை எனக்கு வந்த பிறகே இதை எழுதுவேன்.

கைப்பேசிக் காலத்தில் இப்படிப்பட்ட வேலிகள் எங்கே இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அவை கூடியிருப்பதாகவே தோன்றுகிறது. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டின் இரண்டு வரியைப் போட்டுவிட்டு, பார்த்தவர்களின் பட்டியலில் ஒரே ஒரு பெயரைத் தேடும் பெண்ணும், குடும்பக் குழுவில் பொதுவாக ‘எல்லாரும் சாப்பிட்டாச்சா’ என்று கேட்கும் மாமன் மகனும் சிறைப்புறத்தில் நிற்பவர்கள்தாம். ஒருவரிடம் நேரே செய்தி அனுப்ப எல்லா வசதியும் இருக்கும்போதும் மனிதர்கள் சுற்றுவழியில் பேசுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் வெளித் தடைகளோடு நின்றுவிடவில்லை. மறுக்கப்பட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற அச்சமும், மற்றவருக்கு மறுக்கும் சுதந்திரத்தைத் தர வேண்டும் என்ற மரியாதையும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். விடாமல் பின்தொடர்ந்து பெண்ணின் சம்மதத்தைப் பறிப்பதைக் காதல் என்று காட்டிய கதைகள் நம்மிடம் ஏராளம். வேலிக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்காதது போல நகர்ந்துவிடவும் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தரும் காதல்களை மட்டுமே இந்தத் தொகுதியில் எழுத விரும்புகிறேன்.

முதலில் தறிக் கதையை முடித்துவிடுவேன். அதன் உரையாடல்கள் ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டன. நெசவின் ஒழுங்குக்கும் பேச்சின் ஒழுங்குக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று தறியில் உட்கார்ந்து பழகிய ஒருவரிடம் படித்துக் காட்ட வேண்டும். ரயில்வே கேட் கதைக்கு, ஓய்வு பெற்ற கேட்கீப்பர் ஒருவரைச் சந்தித்து இரவுப் பணியில் இரண்டு ரயில்களுக்கு இடையே உள்ள நேரத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதைப் பொறுத்துத்தான், அந்தச் சிறுவனுக்கு எத்தனை வயது வைப்பது என்பதைத் தீர்மானிக்க முடியும்.